கதவில்லாத இரண்டு வாசல்கள்

எங்கள் புட்பால் கிளப்போடு விளையாட வெளியூர் டீம் வந்தால், காரியதரிசி முதலில் அவர்களுக்கு மைதானத்தைச் சுற்றிக் காட்டுவார். தெற்கே பெரிய கேட், அதன் மேல் வளைவு, ஓடு வேய்ந்த காலரி, பளிங்குக் கல்வெட்டு எல்லாம் ஆனபிறகு, கடைசியாகக் கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் நேருக்கு நேராக இருக்கிற இரண்டு வாசல்களுக்கு அழைத்துப் போவார். அவற்றுக்குக் கதவு கிடையாது. கதவு மாட்டுகிற நிலையும் கிடையாது.

"இது காத்தோட்டத்துக்கு. வைகைக் காத்து இப்படி வந்து அப்படிப் போகும். ஆட்டக்காரங்களுக்கு மூச்சு வாங்காது. சீமையில எல்லா ஸ்டேடியத்துலயும் இதே ஏற்பாடுதான்" என்பார்.

வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். வைகை எங்கள் மைதானத்துக்குத் தெற்கே ஓடுகிறது. தெற்கே இருக்கிற ஆற்றின் காற்று மேற்கு வாசலைத் தேடிச் சுற்றிக்கொண்டு வருவானேன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. காரியதரிசியும் சீமைக்குப் போனதில்லை. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். எதையும் நம்பும்படியாகச் சொல்லுவார்.

அந்த வாசல்கள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும். நான் படித்தது நாலாம் வகுப்பு. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். காகிதத்தின் முன்னால் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஸ்டேடியம் ஆவதற்கு முன்னால் அது எங்கள் பாவடி. நெய்வதற்கு முன்பு நூலை நீளமாக விரித்து, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். அப்படி விரித்த நூலுக்குப் பாவு என்று பெயர். அதற்கு வீட்டில் இடம் போதாது, தெருவிலும் போதாது. செல்லூரில் கண்மாய்க்குப் பக்கத்தில் இருந்த இந்தப் பொட்டலில்தான் எங்கள் தெருவின் இருபது தறிக்கும் பாவு போட்டோம். கிழக்கே இரண்டு கல், மேற்கே இரண்டு கல் நட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாவு நிற்கும். பொழுது விடிகிறபோது கஞ்சி தடவ ஆரம்பித்தால், ஆள் இரண்டு பக்கமும் நடந்து நடந்து நாரால் செய்த பெரிய பிரஷ்ஷால் இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்து முடிகிறவரை அதை அவிழ்க்கக் கூடாது, தளர்த்தக் கூடாது. ஈரத்தில் தளர்ந்தால் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாகிவிடும். அப்புறம் அது மாடு கட்டத்தான் லாயக்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு. பாவு நின்றால் அதைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் குனிந்து அடியில் நுழைந்துதான் போக வேண்டும். யாராக இருந்தாலும் சரி. வசூலுக்கு வருகிற முனிசிபாலிட்டி ஆள்கூட எங்கள் பாவடியில் குனிந்துதான் போவார். எங்களுக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒன்றுதான்.

காலை ஒன்பது மணிக்குப் பாவைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவோம். சாயங்காலம் அதே இடத்தில் பந்து. கோல் கம்பம் வடக்கும் தெற்குமாக இருக்கும். எங்கள் கிளப் உள்ளூரில் தோற்பதே இல்லை என்று பேர் எடுத்ததற்கு ஆட்டக்காரர்களின் திறமை ஒரு காரணம். இன்னொரு காரணம் கஞ்சி. வருஷக்கணக்காகப் பாவிலிருந்து சொட்டிய கஞ்சி, மைதானத்தின் குறுக்கே இரண்டு பட்டையாகத் தரையை இறுக வைத்திருந்தது. மற்ற இடத்தில் பந்து விழுந்தால் சாதுவாக இருக்கும். அந்தப் பட்டையில் விழுந்தால் தலைக்கு மேல் எகிறும். எங்கள் ஆட்களுக்கு அது காலாலேயே தெரியும். வெளியூர் பேக் ஆட்டக்காரர் ஒருவர் பந்துக்காகக் காலைத் தூக்குவார். பந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டுப் போகும். எறும்பும் ஆட்டுக்குட்டியும் அந்தப் பட்டையைத் தேடி வருவதைப் பார்த்தாவது அவர்கள் சுதாரித்திருக்கலாம்.

எனக்கும் பத்தொன்பது வயதில் ஆட ஆசை இருந்தது. லெப்டில், ஓரத்தில் நிறுத்தினார்கள். ஓரம் எனக்குப் பிடித்த இடம்தான். ஆனால் பந்து வேண்டுமென்றால் "எனக்கு, எனக்கு" என்று கத்த வேண்டுமாம். அத்தனை பேர் பார்க்க எனக்கு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? முழு ஆட்டத்தில் இரண்டு தடவை பந்து என் காலில் பட்டது. இரண்டும் பந்தின் இஷ்டம்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் கோல்கீப்பர் என் தோளில் கையைப் போட்டார். அவர் டவுனில் தோல் பை தைக்கிற கடை வைத்திருந்த பாய். கிளப்பின் பந்து கிழிந்தால் தைப்பதும் அவர்தான். தினமும் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஆற்று மணலில் நடந்து வருவார்.

"மாப்ள, நீ ஆடுனியா, இல்ல வேடிக்கை பாக்க உள்ள வந்துட்டியா?" என்றார்.

"ஆடத்தான் பாய் வந்தேன்."

"அப்படியா! ரெபரிகிட்டச் சொல்லிருக்கலாம்ல. அவரு உன்னயக் கார்னர் கொடின்னு நெனச்சிட்டாரு."

அவர்தான் எனக்கு வேறு வேலையும் பார்த்துக் கொடுத்தார். கோடு போடுகிற வேலை. பாவுக் கயிற்றை நேராகப் பிடித்துப் பழகிய கை என்பதால் கோடு கோணாது. ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு கொட்டாங்கச்சி, ஒரு கயிறு. யாரோடும் பேச வேண்டியதில்லை. பத்து வருஷம் சந்தோஷமாகக் கோடு போட்டேன்.

அப்புறம் எங்கள் டீம் ஜில்லாவில் ஒரு கோப்பையை ஜெயித்துவிட்டது. கஷ்டம் அதிலிருந்து தொடங்கியது.

கிளப்பின் தலைவர் ஒரு நூல் வியாபாரி. எங்கள் தெரு முழுக்க அவரிடம்தான் நூல் வாங்கும். எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் சொல்லுவோம். அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். கோப்பை வந்த வாரம் அவர் பட்டணத்துக்குப் போனவர், அங்கே ஏதோ ஒரு மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "நம்ம கிளப்புக்கும் ஸ்டேடியம் வேணும்" என்றார். எங்கள் தெருவுக்கு அந்தச் சொல் புதிது.

"அது என்னங்க, கோயிலா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இல்ல. நாலு பக்கமும் மதில் கட்டி, உள்ள பந்து வெளையாடுவாக."

"இப்ப மதில் இல்லாமயே நல்லாத்தான வெளையாடுறாக?"

"டிக்கெட் போடணுமாம். மதில் இல்லாட்டி எல்லாரும் ஓசியில பாக்குறாகளாம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மதில் கட்டிட்டா பாவு எங்குட்டுப் போடுறது?"

அதுதான் கேள்வி. ஆற்று மணலில் போடலாம் என்றால், காற்றடித்தால் மணல் வந்து ஈரக் கஞ்சியில் ஒட்டிவிடும். கண்மாய்க்கு அந்தப் பக்கம் போகலாம் என்றால், மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கும். பாவு போட இடம் இல்லை என்றால் தறி ஓடாது. தறி ஓடவில்லை என்றால் இருபது வீட்டில் உலை வைக்க முடியாது. முதலாளியிடம் நூல் வாங்கவும் ஆள் இருக்காது. இது அவருக்குத் தோன்றவில்லை. ஸ்டேடியம் என்ற சொல் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

தெருவில் கூடிப் பேசினார்கள். கிளப்புக்குள் இருக்கிறவன் நான் ஒருவன்தான், நானே கமிட்டியில் சொல்ல வேண்டும் என்று முடிவானது. சுண்ணாம்பு வாளி தூக்குகிறவனுக்கு அம்புட்டுச் செல்வாக்கு என்று அவர்கள் நம்பினார்கள். இல்லை என்று சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

கமிட்டிக் கூட்டம் முதலாளி நூல் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் நடந்தது. பதினோரு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாயும் கமிட்டியில் ஒருவர். நான் கதவோரம் நின்றேன். காரியதரிசி பிளானை விரித்துவைத்துப் படித்தார். நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே மதில். தெற்கே ஒரே கேட். கேட்டுக்குப் பூட்டு. சாவி முதலாளியிடம். மேட்ச் அன்றைக்கு மட்டும் திறக்கும். கண்மாய் மண் கொண்டுவந்து தரை மட்டம் பண்ணப்படும். பெரிய கை ஒன்றைக் கூப்பிட்டுத் திறப்பு விழா.

"யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார்.

"முதலாளி..." என்றேன்.

பதினோரு முகமும் திரும்பியது. பாய் மட்டும் கண்ணால், சொல்லு சொல்லு என்றார். காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. வாய் வரை வந்து அப்படியே நின்றுவிட்டன.

"என்னப்பா?" என்றார் முதலாளி.

"சோடா வேணுங்களா?"

"ஆங், நல்ல யோசனை. கொண்டாந்து குடு."

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது நான் சொன்னதை மட்டும்தான். காலரி எந்தப் பக்கம் என்பதில்கூடச் சண்டை வந்தது. நான் சோடாக்களோடு திரும்பி வந்தபோது அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலையை எனக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

வீட்டில் விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. என் மனைவி சோறு போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"தண்ணி வேணுமா, இல்ல சோடா வேணுமா?"

நான் சாப்பிட்டேன்.

"இருபது வீட்டுப் பொழப்பச் சொல்லிட்டு வாங்கன்னு அனுப்புனா, பதினோரு பேருக்குத் தாகம் தீத்துட்டு வந்திருக்கீக. எங்கய்யா அப்பவே சொன்னாரு, மாப்பிள்ள சாது, ஒரு வார்த்த பேச மாட்டாருன்னு. நல்ல கொணம்னுல்ல நெனச்சேன்."

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முதல் நாள் மத்தியானம் நான் வாளியோடு போனேன். மைதானத்தில் யாரும் இல்லை. முதலாளி கொட்டாம்பட்டிப் பக்கம் நிலம் பார்க்கப் போயிருந்தார். காரியதரிசிக்குக் கோர்ட்டு. பிளானை என் கையில் கொடுத்திருந்தார்கள். நாலு கோடுதானே, எனக்கு அது புரிந்தது. தெற்குக் கோடு போட்டேன். கேட்டுக்கு இடம் விட்டேன். மேற்கே திரும்பிக் கயிற்றைக் கட்டி, கொட்டாங்கச்சியால் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே வடக்கே நடந்தேன். பாவுக் கல் இரண்டும் மதிலுக்கு வெளியே நின்றன. கல்லுக்கு நேராக வந்ததும் கை நின்றுவிட்டது.

இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய். அத்தனை துணிச்சல் இருந்தால் நான் கமிட்டியிலேயே பேசியிருப்பேன். கை நின்றது, கால் நடந்தது. ஆறு எட்டு எடுத்து வைத்தபிறகு கை மறுபடியும் சுண்ணாம்பு விட ஆரம்பித்தது. இரண்டு பாவும், கஞ்சி தடவுகிற ஆட்களும் போய்வருகிற அகலம். வடக்குக் கோட்டை முடித்துக் கிழக்கே வந்தபோது, அங்கேயும் கல்லுக்கு நேராகக் கை தன் வேலையைச் செய்தது. நான் தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். திருவாதவூர்ப் பக்கத்து ஆள். கோட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு மேற்கு இடைவெளியில் நின்றார்.

"அண்ணே, இது என்ன, வாசலா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அந்தப் பக்கமும் அதேதானா?"

மறுபடியும் ஆட்டினேன். இந்த ஸ்டேடியத்தின் சரித்திரத்தில் என் பங்கு இவ்வளவுதான். இரண்டு தலையாட்டல்.

இரண்டு மாசத்தில் மதில் எழும்பியது. மதில் எழும்புகிற நாளிலும் நாங்கள் அந்த இடைவெளிகள் வழியாகப் பாவை விட்டு வெளியே கல்லில் கட்டிக்கொண்டோம். கொத்தனாரின் ஆட்கள் கல்லைச் சுமந்துகொண்டு அடியில் குனிந்து போவார்கள். முதலாளி வேலையைப் பார்க்க வந்த அன்றைக்கு நான் காலரித் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் மேற்கு வாசலைப் பார்த்தார். கிழக்கு வாசலைப் பார்த்தார். காரியதரிசியைப் பார்த்தார்.

காரியதரிசிக்கு இது முதலாளி நேராகக் கொத்தனாரிடம் சொல்லிச் செய்தது என்ற எண்ணம். பிளானில் இல்லையே என்று சொன்னால், முதலாளி தன்னைக் கேட்காமல் செய்கிறார் என்று வெளியே தெரிந்துவிடும். "ஐயா நெனச்சபடியே ரெண்டு பக்கமும் அமைஞ்சிருச்சு" என்றார்.

முதலாளிக்குத் தான் எப்போது அப்படி நினைத்தோம் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று குமாஸ்தாவிடம் சொல்லுவாரா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆமா. ஒண்ணு வர, ஒண்ணு போக" என்றார்.

கூச்சம் எனக்கு மட்டும் உள்ள வியாதி என்று அதுவரை நினைத்திருந்தேன். பெரிய மனிதர்களுக்கும் இருக்கிறது. அவர்களுக்கு அது வேறு உருவத்தில் வருகிறது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. "ரெண்டுக்கும் கதவு போட்டுப் பூட்டுங்க. விழா அன்னைக்குக் காலையில மாட்டிரணும்" என்றார். ஒரு வாரத்தில் தேக்குக் கதவுகள் வந்து காலரிக்கு அடியில் சாய்ந்து நின்றன. தெருவில் மறுபடியும் கூடினார்கள். இந்தத் தடவை என்னை யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அது இன்னும் வேதனையாக இருந்தது.

திறப்பு விழா சாயங்காலம் நாலு மணிக்கு. ஜில்லாவில் பெரிய பதவியில் இருந்த ஒரு துரை வருகிறார். அன்றைக்கு விடியற்காலையில் என் பாவின் முறை. கல்யாணச் சீசன், சிவப்புச் சேலை ஆர்டர், ஒரு பாவில் எட்டுச் சேலை. கதவு மாட்டுகிற ஆசாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கடைசிப் பாவைக் காயவைத்து எடுத்துவிடலாம் என்று நானும் என் மச்சானும் கஞ்சிப் பானையோடு போனோம். கிழக்குக் கல்லிலிருந்து வாசல் வழியாக மைதானத்தைக் கடந்து, மேற்கு வாசல் வழியாக வெளியே போய் மேற்குக் கல்லில் முடிகிற மாதிரி பாவு நின்றது. சூரியன் பட்டதும் சிவப்பு பளபளவென்று இருந்தது. பாதி தூரம் கஞ்சி தடவியாகிவிட்டது.

எட்டு மணிக்குக் காரியதரிசி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு கையில் வெள்ளித் தட்டு. தட்டில் மாலையும் கத்திரிக்கோலும் இருந்தன.

"எடு, எடு! துரை வாராரு! வெயிலுக்கு முன்னால கொடைக்கானலுக்குப் போகணுமாம். விழாவ இப்பவே முடிக்கச் சொல்லிட்டாரு. எடுப்பா!"

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்கிற பக்கமாக. கையில் கஞ்சி வழிந்தது.

அதற்குள் மோட்டார் சத்தம் கேட்டது. தெற்கு வளைவில் பூச்சு காயவில்லை, சாரம் பிரிக்கவில்லை. அதனால் டிரைவர் வண்டியை மேற்குச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அங்கே பாவு சந்தின் குறுக்கே போய் எதிரே கல்லில் முடிந்தது; அதைக் கடந்தால்தான் வாசலுக்குள் போக வழி. முதலாளி சரிகைத் தலைப்பாகையோடு முன் சீட்டிலிருந்து இறங்கினார். துரை பின்னாலிருந்து இறங்கினார். கூட்டம் சேர்ந்துவிட்டது. பாயும் வந்திருந்தார்.

முதலாளி பாவைப் பார்த்தார். எடு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய தகப்பனார் தறியில் உட்கார்ந்தவர். அந்த நூலும் அவருடைய கிட்டங்கியில் வாங்கிய நூல்தான். ஈரப் பாவை எடு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

துரைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? புதுச் சுவர். நடுவில் வாசல். வாசலுக்குப் போகிற வழியின் குறுக்கே இடுப்பு உயரத்தில் சிவப்பாக ஏதோ இழுத்துக் கட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் வெள்ளித் தட்டில் கத்திரிக்கோல் வைத்துக்கொண்டு நிற்கிறார். துரை எத்தனையோ கட்டிடங்களைத் திறந்துவைத்தவர். கொஞ்சம் அகலமான ரிப்பன் என்று நினைத்திருப்பார். புன்னகையோடு தட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார். காரியதரிசி பழக்கதோஷத்தில் தட்டை வாகாகக் காட்டினார். உண்மையான ரிப்பன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

கத்திரியின் வாய் திறந்து ஓரத்து இழைகளைத் தொட்டது.

"வெட்டாதீக!"

யார் கத்தியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வெட்டாதீக துரை! ஈரப் பாவு! எட்டுச் சேல! கல்யாணத்துக்குக் குடுக்கணும்! வேணும்னா குனிஞ்சு போங்க!"

இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்தது மொத்தமாக வந்துவிட்டது. "எனக்கு, எனக்கு" என்று அன்றைக்கு மைதானத்தில் கத்த வேண்டியது உட்பட. துரையின் கை அப்படியே நின்றது. கொடைக்கானல் போகிற அவசரமும் நின்றது. பாவில் ஏழெட்டு இழை மட்டும் அறுந்து தொங்கியது. அதை முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். காரியதரிசி வியர்த்துக்கொண்டே பதில் சொன்னார். நெடுநேரம் சொன்னார். துரை பாவைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். விரலால் தொட்டார். கஞ்சி ஒட்டிக்கொண்டது. கையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து, பாவுக்கு அடியில் நுழைந்து மைதானத்துக்குள் போனார். அவர் போனபிறகு முதலாளி நிமிர்ந்து நிற்க முடியுமா? சரிகைத் தலைப்பாகை பாவில் படாதபடி அவரும் குனிந்தார். காரியதரிசி தட்டோடு குனிந்தார். கமிட்டி முழுவதும் வரிசையாகக் குனிந்தது. எங்கள் ஸ்டேடியம் இப்படித்தான் திறக்கப்பட்டது. கல்வெட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது.

உள்ளே நின்று காரியதரிசி கூட்டத்துக்குச் சத்தமாகச் சொன்னார்: "துரை அவர்கள் இந்த வழக்கத்தப் பாத்து ரொம்ப சந்தோஷப்படுறாங்க. இந்த ரெண்டு வாசலும் எந்தக் காலத்துலயும் மூடக் கூடாதுன்னு சொல்றாங்க!"

கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. துரையும் தட்டினார். அவருக்கு எதற்கென்று தெரிந்திருக்காது. அப்புறம் கழுத்தில் விழுந்த மாலையிலேயே விரலைத் துடைத்துக்கொண்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

பாய் என்னிடம் வந்தார். கடைக்கு வருகிற துரைமார்களால் அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்.

"மாப்ள, துரை என்ன சொன்னாருன்னு தெரியுமா?"

"அதான் காரியதரிசி சொன்னாரே பாய்."

"கையத் தொடைக்க ஒரு துணி கெடைக்குமான்னு கேட்டாரு. அம்புட்டுத்தான்."

காரியதரிசி ஏன் அப்படிச் சொன்னார்? முதலாளியின் மானத்தைக் காப்பாற்றவா, தன் வேலையைக் காப்பாற்றவா, எங்கள் தெருவையா? இத்தனை வருஷமாக அவரிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு தடவை கத்தியதோடு என் சத்தம் தீர்ந்துபோயிற்று.

துரையின் உத்தரவை மீறிக் கதவு போட யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆசாரி பத்து மணிக்கு வந்து, கூலி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். தேக்குக் கதவு இரண்டும் முதலாளியின் கிட்டங்கிக்குப் போய் நூல் பேல் அடுக்குகிற பலகையாகிவிட்டன. நாங்கள் பழையபடி காலையில் பாவு போட்டோம். சாயங்காலம் டிக்கெட் வாங்கத் தெற்குக் கேட்டில் நாலு பேர் நிற்பார்கள், நாலு பேரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர் முழுவதும் கிழக்கு மேற்கு வாசல் வழியாக வந்து காலரியில் உட்கார்ந்திருக்கும். ஓசியில் பார்க்கிறவர்களைத் தடுக்கக் கட்டிய மதில், வெயில் நேரத்தில் அவர்களுக்கு நிழல் கொடுத்தது.

ஆட்டம்தான் கெட்டுப்போயிற்று. கண்மாய் மண்ணைக் கொட்டித் தரையை மட்டம் பண்ணியதில் கஞ்சிப் பட்டை இரண்டும் உள்ளே போய்விட்டன. புது மைதானத்தில் முதல் மூன்று மேட்சும் தோற்றோம். பந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி எழும்பியது. இப்படி ஒரு அநியாயம் எங்கள் ஆட்கள் கண்டதில்லை.

"புது மண்ணு மாப்ள, இன்னும் கஞ்சி குடிக்கல" என்றார் பாய். "நெறையாச் சிந்துங்கப்பா!"

சிந்தினோம். என் மனைவிகூட, நான் சிக்கனமாகத் தடவினால், "கிளப்புக்கும் கொஞ்சம் விடுங்க" என்பாள். நாலு வருஷம் கழித்து எறும்பு திரும்பி வந்தது. அந்த வருஷம் கோப்பையும் வந்தது. உலகச் சண்டைக் காலத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்று, பாவடி காலியாகக் கிடந்தபோது டீமும் தோற்க ஆரம்பித்தது. காரியதரிசி அதற்கு ஆட்டக்காரர்களின் ஒழுக்கக் குறைவு காரணம் என்று நோட்டீஸ் போட்டார்.

இப்போது நூல் வருகிறது, பாவும் போடுகிறோம். முதலாளியின் மகன் கிளப்புக்குத் தலைவராகி இருக்கிறார். சுதந்திரம் வந்துவிட்டதால் துரையின் உத்தரவு இனி செல்லாது என்று அவர் போன மாசக் கூட்டத்தில் சொன்னார். பழைய மதிலை இடித்துவிட்டு இன்னும் உயரமாக, சிமெண்டில், ஒரே கேட்டோடு கட்டப்போகிறார்கள். பாய் இப்போது கோல் பிடிப்பதில்லை, கண் மங்கிவிட்டது. ஆனாலும் கமிட்டியில் இருக்கிறார். நான் இருந்த பக்கம் தோராயமாகத் திரும்பி, "இந்தத் தடவையாச்சும் பேசு மாப்ள" என்றார்.

நானும் எழுந்து நின்றேன். எல்லோரும் இளம் பிள்ளைகள். என்ன என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

இப்போதெல்லாம் கூட்டத்தில் காப்பிதான் கொடுக்கிறார்கள். போய் வாங்கி வந்தேன்.

கோடு போடுகிற வேலையை மறுபடியும் எனக்கே எழுதியிருக்கிறார்கள். நேற்று மத்தியானம் போட்டு முடித்தேன். கை இன்னும் கோணவில்லை. இன்று காலையில் கொத்தனார் வந்து சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கொத்தனாரின் மகன். மேற்குப் பக்கம், கல்லுக்கு நேராக வந்து நின்று, கோடு விட்டுப்போன தரையைப் பார்த்தார். இன்னும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவேன்.